பச்சைக் கல்

அச்சில் செங்கல் அறுக்கிற அச்சுக்காரி முழங்கால் வரை சேற்றில் நின்று மண் மிதித்துக்கொண்டிருந்தபோது களத்து மேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. செங்கல் சூளைக்கு வண்டி வருவதென்றால் ஒன்று கல் வாங்க வரும், இல்லாவிட்டால் எதையாவது விசாரிக்க வரும். கல் வாங்க வருகிறவர்கள் இறங்கிய கையோடு சூளையைப் பார்ப்பார்கள். இந்த வேனிலிருந்து இறங்கிய பெண் ஆட்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வந்தது மகளுடைய முகாமில் இருக்கும் கால்பந்து கோச். தொப்பியும் விளையாட்டுச் சட்டையுமாக, வெயிலில் கறுத்த முகம். கழுத்தில் விசில் தொங்கியது. அதைக் கழற்ற மறந்து வந்திருந்தாள்.

"பயப்படற மாதிரி ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

அப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததாக அச்சுக்காரிக்கு நினைவில்லை. சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு கரையேறினாள்.

"அவளுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. விழுந்தா. மணிக்கட்டு லேசா பிசகிருச்சு. கட்டுப் போட்டு அவுத்தாச்சு. நேத்தே பந்து பிடிச்சா."

மகள் இரண்டு மாதமாகத் தலைநகரத்து முகாமில் இருந்தாள். பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் குழுவில் மூன்றாவது கோல்கீப்பர். மூன்றாவது என்றால் களத்தில் இறங்குவதே இல்லை. மற்ற இருவருக்கும் ஒரே நாளில் கால் உடைந்தால்தான் உண்டு. ஆனாலும் போனாள். அவளுக்குப் பந்து பிடிக்க யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. லாரியில் லோடு ஏற்றும்போது கீழே நிற்கிறவர் இரண்டிரண்டு கல்லாக மேலே வீசுவார், மேலே நிற்கிறவர் பிடித்து அடுக்குவார். ஒன்பது வயதில் அவள் லாரி மேல் ஏறி நின்றவள். வருகிற கல்லைக் கையை நீட்டித் தடுத்தால் விரல் போய்விடும். கல் போகிற பக்கமே கையையும் கொஞ்சம் கொண்டுபோய், அதன் வேகம் செத்த பிறகு வாங்க வேண்டும். அந்தக் கைக்குப் பந்து ஒரு பொருட்டா? சூளையில் எல்லோரும் அவளைக் 'கோலி' என்று கூப்பிட்டார்கள். பெற்றவள் மட்டும் 'சின்னவளே' என்றாள். வீட்டில் இருப்பதே ஒரு பிள்ளை, இதில் என்ன சின்னவள் என்று கேட்டவர்கள் உண்டு. செல்லம் என்று அவர்களே பதிலும் வைத்துக்கொண்டார்கள்.

கோச் தோள்பையிலிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்தாள்.

"மணிக்கட்டு உடைஞ்சிருக்கான்னு பாக்கத்தான் எடுத்தாங்க. உடையல. ஆனா டாக்டர் வேற ஒண்ணு பாத்துட்டார்."

அதற்குள் சூளை உச்சியிலிருந்து புருஷன் இறங்கி வந்திருந்தான். சூளைக்குத் தீ போடுகிறவன் அவன். உடம்பில் கரி படாத இடமென்று கண் இரண்டும்தான். படத்தை வாங்கி வெயிலுக்கு எதிராகப் பிடித்தான். எலும்பின் நுனியில் ஒரு கறுப்புக் கோடு ஓடுவதைக் கோச் விரலால் காட்டினாள். வளர்கிற பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் இடைவெளி இருக்குமாம். வளர்ந்து முடிந்தால் கூடிப்போகுமாம். பதினெட்டரை வயதுப் பெண்ணுக்கு இப்படித் திறந்து கிடக்காதாம். இந்தக் கைக்குப் பதினாறு வயதுதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தீக்காரன் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"இன்னும் சுடாத கல்லு" என்றான்.

"அதேதான்ணே" என்றாள் கோச்.

பிறகு அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். இன்னும் இரண்டு வாரத்தில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் சர்வதேசப் போட்டி தொடங்குகிறது. பன்னிரண்டு நாட்டு அணிகள். இந்தத் தடவை நம் நாட்டிலேயே நடக்கிறது. அந்த அணிக்குத்தான் அவள் கோச். அணியின் கோல்கீப்பருக்குப் போன வாரம் விரல் முறிந்துவிட்டது. மாற்றுக்கு இருக்கிற பெண் உயரப் பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். பக்கத்து மைதானத்தில் பெரிய பெண்களோடு உங்கள் மகள் பிடிப்பதைத் தினமும் பார்த்து வயிறெரிகிறேன். நாளை மறுநாள் வியாழக்கிழமை, மாலை ஐந்து மணிக்குப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும்.

"வயசக் குறைச்சுக் காட்டுறவங்களப் பிடிக்கத்தான் நான் ஊர் ஊராப் போயிருக்கேன். கூட்டிக் காட்டுன வீட்டுக்கு இப்பதான் வர்றேன். அக்கா, அவ எப்ப பிறந்தா?"

தீக்காரன் பெண்டாட்டியைப் பார்த்தான். அச்சுக்காரி காலில் காய்ந்த சேற்றை ஒரு ஓட்டுச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பேப்பர்ல போட்டிருக்கு பாருங்க. அதுதான் அவ வயசு."

"பேப்பர நான் பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன?"

கோச் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வியாழக்கிழமை வரை ஊருக்குள் விடுதியில் இருப்பதாகச் சொல்லி, ஒரு தாளில் போன் நம்பரை எழுதித் தீக்காரன் கையில் கொடுத்தாள். கரிக்கையில் தாள் உடனே கறுத்தது.

அச்சுக்காரி திரும்பப் போய்ச் சேற்றில் இறங்கினாள். எதிர்க்கொட்டகைக்காரி பக்கத்துக் குழியில் மிதித்துக்கொண்டே காதைத் தீட்டியிருந்தாள். என்ன, உன் மகளுக்கு வயசு குறையுதாமே, எனக்கும் அந்த டாக்டர்கிட்ட ஒரு படம் எடுத்துவிடு என்றாள். அச்சுக்காரி சிரிக்கவில்லை. மண்ணில் கட்டி இருக்கிறதா என்று குதிகாலால் தேடிக்கொண்டிருந்தாள்.

சான்றிதழில் இருந்த பிள்ளை வேறு பிள்ளை.

முதல் பெண் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அதனால் அவளுக்கு முத்திரை குத்திய சான்றிதழ் கிடைத்தது. பதினாலு மாதம் இருந்தாள். இதே சூளையில், இதே கொட்டகை வரிசையில் ஒரு நாள் காய்ச்சல் கண்டு மறுநாள் போய்விட்டாள். அதைப் போய்ச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தோன்றியது? ஒன்றே கால் வருஷம் கழித்து இரண்டாவது பெண் கொட்டகையிலேயே பிறந்தாள். அச்சுக்காரி அவளுக்கும் அந்தப் பெயரையே வைத்தாள். வைத்தாளே தவிர, அதைச் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சர் சான்றிதழ் கேட்டார். வீட்டில் இருந்தது ஒரே காகிதம். பெயரும் பொருந்தியது, அப்பன் பெயரும் ஆத்தாள் பெயரும் பொருந்தின. கொடுத்துவிட்டாள். வயசுக்கு ரொம்பச் சிறுசா இருக்கே என்றார் டீச்சர். சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்றாள் அச்சுக்காரி.

அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் தீக்காரன் பேச்சை எடுத்தான். சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"சொல்லிரலாமே."

"என்னத்த?"

"உள்ளத."

"போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பாங்க. ஒரு பிள்ளையோட பேப்பர இன்னொரு பிள்ளைக்குக் குடுத்திருக்கோம். அவளையும் சேத்து வெளிய அனுப்பிருவாங்க. இருக்கற மூணாவது எடமும் போகும்."

"அந்தக் கோச் அப்படிப் பேசலையே."

"வர்றப்போ அப்படித்தான் பேசுவாங்க."

அவன் ஒரு கவளத்தை உருட்டி, திரும்பத் தட்டிலேயே வைத்தான். "பயம் அது இல்ல" என்றான். "எனக்குத் தெரியும்."

அவனுக்குத் தெரிந்தது பாதிதான். பிள்ளை போன அன்று அவன் சூளை வாயில் இருந்தான். மூட்டிய தீயை விட்டு வர முடியாது. விட்டால் லட்சம் கல் கறுத்துப் போகும். வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அச்சுக்காரி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். கடைசி வரை மடியில்தான் இருந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான். அவளும் திருத்தவில்லை. பதினேழு வருஷமாகத் திருத்தவில்லை.

மறுநாள் காலையில் மகள் கூப்பிட்டாள். முகாமில் பயிற்சிக்கு முன்னால் பத்து நிமிஷம் போன் தருவார்கள். வழக்கமாகச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாள், அறையில் கூட இருக்கும் பெண் குறட்டை விடுவதைச் செய்து காட்டுவாள். அன்றைக்கு எதுவும் இல்லை.

"கோச் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"அம்மா, எனக்கு என்ன வயசு?"

அச்சுக்காரி போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். களத்தில் யாரோ அச்சைத் தட்டிக் கல்லை விடுகிற சத்தம் தட், தட்டென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"பேப்பர்ல இருக்கறதுதான்."

"சரிம்மா" என்றாள் மகள்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். கோபப்பட்டிருக்கலாம். அவள் எதையும் கேட்டு அழுத பிள்ளை இல்லை. லாரி மேல் நிற்கும்போது ஒரு தடவை கல் கட்டை விரலில் விழுந்து நகம் பிய்ந்தது. இறங்கி வந்து மண்ணைத் தொட்டு அப்பிக்கொண்டு திரும்ப ஏறினாள். அந்தச் 'சரிம்மா' நாள் முழுக்க அச்சுக்காரியின் காதுக்குள் கிடந்தது. மூன்று அச்சுக் கல் மூலை உடைந்து விழுந்தது. மண் ஒட்டாமலிருக்க அச்சில் மணல் தூவ மறந்திருந்தாள். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

தீக்காரன் அவளிடம் சொல்லாமலே கோச்சுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டான். போலீஸ் இல்லை, வழக்கு இல்லை. வேண்டுமென்று செய்த தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் பிள்ளையின் சாவைப் பதிய வேண்டும், இரண்டாவது பிள்ளையின் பிறப்பைப் பதிய வேண்டும். முழுக் காகிதம் வர ஒரு மாதம் ஆகலாம். முத்திரை போட்ட மனு நகலும் டாக்டரின் கடிதமும் இருந்தால் இப்போதைக்குப் பெயரைச் சேர்த்துக்கொள்வதாகப் போட்டி நடத்துகிறவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டு வேண்டும். பெற்றவள் கையெழுத்து ஒன்று. சாவைக் கண்ணால் பார்த்த வெளியாள் ஒருவரின் கையெழுத்து இன்னொன்று.

அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். சூளைக்கு ஆட்கள் வருவார்கள், போவார்கள். அந்த வருஷத்திலிருந்து மாறாமல் இருந்தவர் மேஸ்திரி மட்டும்தான். புதன்கிழமை மத்தியானம் தீக்காரன் அவரிடம் போய் நின்றான். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, எனக்கு அப்படி எதுவும் நினைவில்லையே என்றார். பிறகு குரலைத் தணித்து, சூளையில பிள்ளை செத்ததுன்னு எழுதினா முதலாளிக்கு யாரு பதில் சொல்றது, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு என்றார். தீக்காரன் வந்து இதைச் சொன்னபோது அச்சுக்காரி, விட்டுரு என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அது அவனுக்கும் கேட்டது. அதற்கப்புறம் அவன் அவளோடு பேசவில்லை.

வியாழக்கிழமை விடியும்போது வானம் சுத்தமாக இருந்தது. நாலு நாள் நல்ல வெயில் அடித்ததில் களத்தில் பத்தாயிரத்துக்கு மேல் பச்சைக் கல் கிடந்தது. அறுத்துப் போட்டு இரண்டு நாள் ஆனது, திருப்பி நிறுத்தியது, ஒன்றின்மேல் ஒன்றாக அட்டி அடுக்கிக் காற்றுக்கு விட்டது என்று வரிசை வரிசையாக. பச்சைக் கல் பிள்ளை மாதிரி என்பார் மேஸ்திரி. வெயில் கூடினால் வெடிக்கும், குறைந்தால் சோகை பிடிக்கும், மழை பட்டால் கரைந்து போகும். நெருப்புக்குள் போய் வந்த பிறகுதான் அது கல்.

பதினோரு மணிக்குத் தெற்கே ஒரு கறுப்பு எழுந்தது. பருவமில்லாத மேகம். பன்னிரண்டுக்குள் பாதி வானம் போய்விட்டது. காற்று மாறி, சூளைப் புகை தரையோடு படிந்து கண்ணைக் கரித்தது. மேஸ்திரி கூப்பாடு போட ஆரம்பித்தார். தார்ப்பாயை எடு, அட்டியை மூடு, ஓரத்துக்குக் கல் வை. எல்லோரும் ஓடினார்கள். அச்சுக்காரியும் ஓடினாள். ஒரு பாயின் இந்த நுனியை அவளும் அந்த நுனியை எதிர்க்கொட்டகைக்காரியும் பிடித்து இழுத்து ஓர் அட்டியை மூடினார்கள். அடுத்ததை மூடினார்கள். மூன்றாவது பாயை உதறியபோது காற்று அதை வாங்கிக்கொண்டு படபடவென்று அடித்தது.

அந்தச் சத்தம்தான். முதல் பிள்ளை போன அன்றைக்கும் இதே சத்தம். கொட்டகையில் பிள்ளை அனலாகக் கிடந்தது. இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணே, டிராக்டர்ல கொண்டுபோய் ஊருக்குள்ள விடச் சொல்லுங்க என்று கேட்டாள். அதுல தார்ப்பாய் ஏத்திக்கிட்டு இருக்கு, கல்ல மூடிட்டுப் போலாம், ஒரு மணி நேரத்துல என்ன ஆகிரும் என்றார் மேஸ்திரி. பிள்ளையைக் கொட்டகையில் படுக்க வைத்துவிட்டு அவளும் வந்து மூடினாள். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அவள் அறுத்த கல், அவளே மூடினாள். ஒரு கல்கூட நனையவில்லை. திரும்பிப் போனபோது கொட்டகையில் சத்தம் இல்லை.

அச்சுக்காரி கையிலிருந்த நுனியை விட்டுவிட்டாள். பாய் பறந்து போய் எதிர்க்கொட்டகைக்காரியின் முகத்தில் அடித்தது.

"ஏய், உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? பிடி."

அவள் திரும்பிப் பார்க்காமல் களத்தைக் கடந்து மேஸ்திரியிடம் போனாள். அவர் டிராக்டர் மேல் நின்று பாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எறங்குங்க. ஊருக்குள்ள போகணும்."

"இந்த நேரத்துலயா? மேகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மூடிட்டுப் போலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. கையில் மடித்த பாயோடு அப்படியே நின்றார்.

"மண்ணு வெட்டுற பள்ளத்துல நடுவுல ஒரு திட்ட மட்டும் விட்டு வச்சிருக்கீங்களே, எதுக்கு?" என்றாள் அச்சுக்காரி. அவள் குரல் உயரவில்லை. "சுத்தி ரெண்டு ஆள் ஆழம் வெட்டியாச்சு. முதலாளி கேட்டப்ப அடியில பாறைன்னு சொன்னீங்க. அங்க பாறை இல்ல. யாரப் புதைச்ச எடம்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

மேஸ்திரி பள்ளத்தின் பக்கம் பார்க்கவில்லை. ஆறு வருஷமாக மண்வெட்டிக்காரர்கள் அந்தத் திட்டை நெருங்கும்போதெல்லாம் அவர் போய் நின்றுகொள்வார், வேறு பக்கம் காட்டுவார். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தார்.

"நினைவில்லாத ஆளு எதுக்கு அத விட்டு வெட்டுனீங்க?"

அவர் பாயைக் கீழே போட்டார். டிராக்டரிலிருந்து இறங்க வேண்டியவர் இறங்காமல் ஓட்டும் இருக்கைக்குப் போய் உட்கார்ந்து, சாவியைத் திருகினார்.

"ஏறு" என்றார்.

சூளை உச்சியிலிருந்து தீக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். டிராக்டர் மேட்டில் ஏறும்போது மேஸ்திரி அவனைப் பார்த்துக் கையை வீசி, கல்லைப் பாத்துக்க என்று கத்தினார். பாதி தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பக்கச் சட்டத்தில் உட்கார்ந்திருந்த அச்சுக்காரியின் மேல் இருந்த களிமண் கரைந்து கோடு கோடாக இறங்கியது. தலைத்துணியைப் பிழிந்து பிழிந்து கட்டிக்கொண்டாள். வழியில் தண்டவாளக் கதவு மூடிக் கிடந்தது. சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக, எண்ணி முடியாமல் போனது. மேஸ்திரி ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மணி என்ன என்று அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அவர் நனைந்த கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்துச் சொன்னார். இரண்டே முக்கால். மூன்றேகால் ஆகப்போகுது. மூன்றரை.

பதிவு அலுவலக வாசலில் கோச் நின்றுகொண்டிருந்தாள். தீக்காரன் போன் போட்டிருந்தான். உள்ளே ஒரு நீள மேசை, அதன் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு ஒரு எழுத்தர். கூரையில் ஒழுகிய தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். இரண்டு பேர் சேறும் தண்ணீருமாக வந்து நிற்பதைப் பார்த்து அவர், பெஞ்சில் உட்கார வேண்டாம், நின்றே சொல்லுங்கள் என்றார்.

மனுவை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். இறந்தவர் பெயர். அச்சுக்காரி சொன்னாள். பதினேழு வருஷமாக வாயில் வராத பெயர், முதல் தடவை காற்றாகத்தான் வந்தது. சத்தமா சொல்லும்மா என்றார். சொன்னாள். வயது. இடம். தேதி. தேதியை அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"பதினேழு வருஷம் கழிச்சு வர்றீங்க."

"வேலை இருந்துச்சு சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைத் தேடினார். அப்படி எதுவும் இல்லை.

"காரணம்?"

"காய்ச்சல்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் பக்கத்துல இல்ல. மழை வந்துச்சு, கல்ல மூடப் போயிட்டேன். வந்து பாத்தா இல்ல."

கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேஸ்திரி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி, "நான்தான் மூடச் சொன்னேன். அதையும் எழுதிக்குங்க" என்றார்.

எழுத்தர் மனுவை மேலிருந்து கீழ்வரை பேனா முனையால் தேடினார். வாளியில் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது.

"அதுக்கெல்லாம் இதுல கட்டம் இல்லம்மா" என்றார். காய்ச்சல் என்று மட்டும் எழுதினார்.

இரண்டாவது மனுவுக்கு நேரம் பிடிக்கவில்லை. பிறந்த தேதிக்குத் தேர்தலுக்கு மறுநாள் என்றாள் அச்சுக்காரி. ஓட்டுப் போட்ட மை விரலில் காய்வதற்குள் வலி எடுத்தது என்றாள். எழுத்தர் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தேதியைக் கண்டுபிடித்தார். பெயர் கேட்டார். சொன்னாள். அவர் பேனா நின்றது. முதல் மனுவைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"பெரியவளோட சட்டையத்தான் சின்னவளுக்குப் போட்டோம் சார். அந்த மாதிரிதான்."

மேஸ்திரியின் கையெழுத்து கோடு தாண்டி இரண்டு வரிக்கு இறங்கியது. அச்சுக்காரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுத்து எழுத்தாக, அச்சில் மண்ணை அழுத்துகிற மாதிரி அழுத்திப் போட்டாள். தாளில் கொஞ்சம் சேறு பட்டது. எழுத்தர் அதை ஊதிப் பார்த்தார், போகவில்லை. அதன் மேலேயே முத்திரையைக் குத்தினார். மணி நாலு முப்பத்தைந்து. கோச் தாள்களை மேசையில் விரித்துப் படம் எடுத்து அனுப்பினாள். அனுப்பியது போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மழையில் டவர் இல்லை என்று வெளியே ஓடினாள், தெருவைத் தாண்டி எதிர்க்கடை வாசலில் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். அச்சுக்காரி படியில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கியபோது மணி என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

"போயிருச்சுக்கா. பாக்கலாம். அவங்க பாத்து ஒத்துக்கணும்."

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. களத்து மேட்டிலிருந்து பார்த்தபோதே தெரிந்தது. தீக்காரனும் மற்றவர்களும் முடிந்ததை மூடியிருந்தார்கள். பாதிக்கு மேல் போய்விட்டது. வரிசையாக நின்ற கல்லெல்லாம் மூலை மழுங்கி, ஒன்றோடொன்று சாய்ந்து, தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. தீக்காரன் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு சூளை வாயைக் காத்துக்கொண்டு நின்றான். தீ அணையவில்லை. அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னைக்கு அவ என் மடியில இல்ல" என்றாள்.

அவன் விறகு ஒன்றை எடுத்து உள்ளே தள்ளினான். அடுத்ததை எடுக்கக் குனிந்தவன் எடுக்காமல் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். அவளும் உட்கார்ந்தாள். இரண்டு பேரின் ஈரத் துணியிலிருந்தும் ஆவி எழுந்தது.

மறுநாள் காலை அவள் கரைந்த கல்லை வாரிக் குழியில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கல் கரைந்தால் மண்தான், திரும்ப மிதிக்கலாம், திரும்ப அறுக்கலாம். எதிர்க்கொட்டகைக்காரி மூக்கில் தார்ப்பாய் அடித்த சிராய்ப்போடு பக்கத்தில் மிதித்துக்கொண்டு, என் மூக்குக்கும் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடு என்று அரற்றிக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. தீக்காரன் போனை அவள் காதில் பிடித்துக்கொண்டான். அவள் கையெல்லாம் சேறு.

"அம்மா, லிஸ்ட்ல பேர் வந்துருச்சு."

"ம்."

"முதல் மேட்ச்லயே நான்தான் நிப்பேன்னு கோச் சொல்றாங்க." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "அம்மா, நீ ஏதோ சொல்லணுமாமே. கோச் சொன்னாங்க. என்னன்னு அவங்க சொல்லல."

அச்சுக்காரி மிதிப்பதை நிறுத்தினாள். கால் இரண்டும் முழங்கால் வரை புதைந்து நின்றது.

"உனக்கு ஒரு அக்கா இருந்தா."

மறுபக்கம் தூரத்தில் பந்து உதைபடுகிற சத்தம் கேட்டது.

"நான் வர்றதுக்கு முன்னாடியா?"

"ஆமா. உன் பேப்பர் அவளோடது."

எப்படிச் செத்தாள் என்று கேட்பாள். ஏன் மறைத்தாய் என்று கேட்பாள். வழியெல்லாம், ராத்திரியெல்லாம் அச்சுக்காரி அந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் சேர்த்து வைத்திருந்தாள். மகள் கேட்டது வேறு.

"அவ பேர் என்னம்மா?"

"உன் பேருதான்."

மகள், "இன்னைக்கு முதுகுல பேர் அடிக்கச் சட்டைய வாங்கிட்டுப் போறாங்க" என்றாள். "அடிச்சிரட்டுமா?"

"அடிக்கச் சொல்லு."

அங்கே விசில் கேட்டது. போன் வெட்டுப்பட்டது. தீக்காரன் அதைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு சூளைப் பக்கம் நடந்தான்.

"என்னவாம் உன் சின்னவளுக்கு?" என்றாள் எதிர்க்கொட்டகைக்காரி.

அச்சுக்காரி மகளின் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும், களம் முழுக்கக் கேட்கிற மாதிரி. அவளுக்கு நேரமாகிவிட்டது, விசில் அடித்துவிட்டார்கள் என்றாள். எதிர்க்கொட்டகைக்காரி கால் தூக்கியபடியே நின்று அவளைப் பார்த்தாள். பள்ளத்தின் ஓரத்தில் மண்வெட்டிக்காரர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியும் திரும்பிப் பார்த்தார். அச்சுக்காரி ஒரு காலை உருவி, அடுத்த மிதியை வைத்தாள்.